ஆமைப்பூட்டுப் போட்ட காற்று

எங்கள் மனேஜர் ஒருமுறை கொழும்பில் நடந்த கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் ஞானம் பெற்றுத் திரும்பினார். எண்ணெய் விலை ஏறி, எதற்கெடுத்தாலும் சிக்கனம் என்று சுற்றுநிருபம் வந்துகொண்டிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. கட்டடங்களில் ஓடும் மோட்டர்களின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று அங்கே யாரோ ஒரு நிபுணர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பருத்தித்துறையில் இருந்த எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமைக் கந்தோரில் மோட்டர் என்று சொல்ல, கூரையில் தொங்கிய ஒன்பது மின்விசிறிகள்தான் இருந்தன. மனேஜர் அவற்றின் மேல் பாய்ந்தார்.

நான் அங்கே வயர்மன். ஆறு வருடமாகத் தற்காலிக வயர்மன். எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பன், "வேலை நிரந்தரமாகட்டும், பிறகு நாள் வைப்பம்" என்று சொல்லி இரண்டு தைப்பொங்கல் போய்விட்டது. அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்ததைவிட என் நியமனக் கடிதத்தைப் பார்க்கத்தான் அதிகம் ஆசைப்பட்டார். அந்தக் கடிதத்துக்குச் சிபாரிசு எழுத வேண்டியவர் இதே மனேஜர். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

எல்லா மின்விசிறிகளையும் ஆகக் குறைந்த வேகமான ஒன்றாம் இலக்கத்தில் வைக்கும்படி உத்தரவு வந்தது. வைத்தேன். பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மனேஜரிடம் போனேன்.

"சேர், உந்த ரெகுலேற்றர் வேகத்தைக் குறைக்கும். கறண்டைப் பெரிசாக் குறைக்காது. மிச்சம் முழுக்க இந்தப் பெட்டிக்குள்ளை சூடாப் போகுது. தொட்டுப் பாருங்கோ."

அந்தக் காலத்து ரெகுலேற்றர் அப்படித்தான். சுவரில் ஒரு கறுத்த இரும்புப் பெட்டி, உள்ளே கம்பிச் சுருள். கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்து, பாதியை வழியில் ஊற்றிவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் மிச்சம் பிடித்தேன் என்று சொல்கிற கதை. இப்போது கடைகளில் விற்கிற இலத்திரனியல் ரெகுலேற்றர் அவ்வளவு சூடாகாது, உண்மையாகவே மிச்சம் பிடிக்கும். அப்போது அது வெளிநாட்டுச் சஞ்சிகையில் படமாக மட்டும் இருந்தது. ஒரு பல்ப் வாங்குவதற்கே ஊரெல்லாம் அலைந்த காலம்.

மனேஜர் தொட்டுப் பார்க்கவில்லை. "ஐசே, நீர் வயர்மன். நான் கருத்தரங்குக்குப் போயிட்டு வந்தனான்" என்றார்.

மனேஜர் அந்தப் பக்கம் திரும்பினால் மின்விசிறிகள் ஐந்தாம் இலக்கத்துக்கு ஏறிவிடும். இதைக் கண்டுபிடித்தவர், ஒன்பது ரெகுலேற்றருக்கும் தச்சரைக் கொண்டு பலகைப் பெட்டி செய்வித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆமைப்பூட்டுப் போட்டார். திறப்புக் கோர்வை அவருடைய இடுப்பில். சூடு வெளியே போக வேண்டும் என்று மன்றாடி ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு துளை போட அனுமதி வாங்கினேன். அதுவும் ஒரு கிழமைதான். பெரிய கிளாக்கர் தன்னுடைய பழைய குடையின் கம்பியைக் கழற்றி, துளைக்குள் விட்டுக் குமிழைத் திருப்பப் பழகிவிட்டார். வருடாந்தக் கணக்கை முடிக்க முடியாத மனிதர், இந்த வேலையை இரண்டே நாளில் படித்தார். மனேஜர் கையும் களவுமாகப் பிடித்து, துளைகளுக்குத் தகரம் அடிக்கச் சொன்னார். அடித்தவனும் நான்தான்.

பிறகு பெட்டிகள் சுடத் தொடங்கின. பெரிய கிளாக்கர் மாரியில் ஈரலித்துப் போன தன் சுருட்டுகளைப் பெட்டியின் மேல் அடுக்கி வைத்துக் காயப்போடுவார். நன்றாகக் காயும். மனேஜர் அதைப் பார்த்தும், சுருட்டு ஏன் காய்கிறது என்று ஒரு நாளாவது யோசிக்கவில்லை.

சித்திரை வெயில் வந்ததும் கந்தோருக்குள் இருக்க ஏலாமல் போயிற்று. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எல்லோரும் வெளியே பூவரச மரத்தடிக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோப்புகளையும் கொண்டுபோனார்கள், மரியாதைக்கு. உள்ளே ஆளில்லாததால் மின்விசிறிகளை நான் சுவிச்சில் நிறுத்தினேன். மாத முடிவில் மின்சாரக் கட்டணம் குறைந்திருந்தது. குறையாமல் என்ன செய்யும்?

மனேஜர் அந்தக் கட்டணச் சீட்டைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தீரே? மேலிடத்துக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேணும். தொழில்நுட்ப ஆள் ஒருத்தற்றை கையெழுத்து வேணுமாம். உம்முடைய சிபாரிசுக் கடிதத்தையும் இண்டைக்கே எழுதலாமெண்டு இருக்கிறன்."

இரண்டு தாள்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அறிக்கையில், ரெகுலேற்றர்களைப் பூட்டிவைத்ததால் மட்டுமே மின்சாரம் மிச்சமானது என்றும், அதனால் எந்த ஆபத்தும் இல்லை என்றும் இருந்தது. அதற்கு முதல்நாள்தான், தூசு தட்ட வேண்டும் என்று மனேஜரிடம் திறப்பை வாங்கி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருந்தேன். உள்ளே பலகை தீய்ந்து கறுத்திருந்தது. கையெழுத்து வைத்தேன். யோசித்து வைத்தேன் என்று சொன்னால் பொய்.

இரண்டு மாதத்தில் நிரந்தர நியமனம் வந்தது. ஆவணியில் கலியாணம். மாமனார் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறை. மனேஜருக்குப் பாராட்டுக் கிடைத்தது. கூடவே ஒரு சுற்றுநிருபமும் வந்தது: எல்லாக் கிளைகளிலும் ரெகுலேற்றர்களைப் பெட்டியில் பூட்ட வேண்டும், அதைச் செய்து முடிக்கும் பொறுப்பு அறிக்கையில் கையெழுத்திட்ட அலுவலருக்கு. நிரந்தர உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மயிலிட்டிக் கிளையில், சூடு வெளியே போகட்டும் என்று, பெட்டிகளைச் சுவரில் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பூட்டினேன். என் வீரம் அவ்வளவுதான்.

உரும்பிராய்க் கிளையில் என்னைவிட நாலு வயது மூத்த ஒருவர் வயர்மனாக இருந்தார். மூன்று பிள்ளைகளின் தகப்பன், இன்னும் தற்காலிகம். நான் பெட்டியைத் தூக்கி வைக்கப் போக, அவர் ரெகுலேற்றரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, உது இப்பவே சுடுகுது. இதை மூடினால் என்ன மிச்சம் வரும்? நீர் தொழில் தெரிஞ்ச ஆள், சொல்லும்."

சொல்லியிருக்கலாம். என் வேலையை இனி ஒருவரும் பறிக்கப் போவதில்லை. ஆனால் சொன்னால், நான் கையெழுத்திட்டது பொய் என்றாகிவிடும். ஆபத்தில்லை என்று கிளை வயர்மன் கையெழுத்திட வேண்டிய படிவத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"அண்ணை, நிரந்தரமாக்கிறதுக்கு உங்கடை பேரும் மேலை போயிருக்குதெல்லே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.