பழைய வீட்டுக்கே போகும் பசு

ஐம்பத்து மூன்று வயதுவரை மன்னூபியா ஒரு பசுவைத் தொட்டுப் பார்த்ததில்லை. துனிஸ் நகரத்தில் ஒரு தையல் ஆலையில் இருபத்து நான்கு வருடம் கால்சட்டைப் பைகளைத் தைத்தவள் அவள். பை மட்டும்தான். மீதிக் கால்சட்டையை யார் தைத்தார்கள், அது எந்த ஊர்க்காரன் இடுப்பில் ஏறியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சின்னக் கை, சின்ன விரல்கள். பக்கத்து மெஷின்காரியிடம் முகம் திருப்பிக் கதை பேசிக்கொண்டே தைத்து, பார்க்காமலே பையைத் திருப்பிப் போடுவாள்.

ஆலை மூடிய அதே வருடம் அவள் புருஷன் ஷாத்லிக்கும் ஓய்வு வந்தது. முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவர்.

"தண்டவாளம் காட்டின பக்கமே போய்ப் போய் அலுத்துப்போச்சு மன்னூபியா. இனிமே என் காலு காட்டுற பக்கம் போகப்போறேன்" என்றார்.

"உன் காலு காப்பிக்கடைப் பக்கம்தானே காட்டும்?" என்று அவள் சிரித்தாள்.

ஆனால் கால் காட்டியது வேறு பக்கம். சிலியானா மலையடிவாரத்தில் ஹன்ஷீர் ரத்மா என்ற சிற்றூரில், நாற்பத்து மூன்று ஆலிவ் மரமும் ஒரு கிணறும் இரண்டு அறைக் கல்வீடும் உள்ள நிலத்தை அவர் பார்த்துவிட்டு வந்தார். நகரத்து வீட்டை விற்று அதை வாங்கினார்கள். மன்னூபியாவுக்கு இஷ்டமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தனக்கென்று ஒரு புதுச் சட்டைகூடக் கேட்டு வாங்கியதில்லை. முதல்முறையாக ஒன்று கேட்கிறார், அதை எப்படித் தட்டுவது?

வந்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்குப் பயம் பாம்புமில்லை, குளிருமில்லை. பேச ஆளில்லாததுதான். அறுபது பெண்கள் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசும் இடத்தில் வாழ்ந்த காது அது. இங்கே காலையில் காற்று, மத்தியானம் காற்று, சாயங்காலம் கொஞ்சம் பலமான காற்று. வழியில் போகும் பெண்கள் சலாம் சொல்வார்கள், அவளுடைய பிளாஸ்டிக் செருப்பைப் பார்ப்பார்கள், தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள். ஷாத்லியோ விவசாய இலாகாவில் வாங்கிய சிறு புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் நின்று வாசித்தார். ஊர் அவருக்கு 'மந்திரி' என்று பெயர் வைத்தது.

செப்டம்பர் கடைசியில் மந்திரி ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல செவலை. பெயரும் அதுதான், ஹம்ரா. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மப்ரூக் என்பவர் விற்றது. ஐந்து மாதச் சினை, இன்னும் பால் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஷாத்லி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தார். ஹம்ரா திரும்பி ஒருமுறை அவரைப் பார்த்தது. பிறகு வாளியை உதைத்தது. இரண்டாம் முறை அவரையே உதைத்தது. மன்னூபியா உட்கார்ந்தபோது உதைக்கவில்லை, ஆனால் பாலையும் விடவில்லை. மடி கல்லாக இருந்தது, காம்பில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் மேய விட்டபோது பசுவைக் காணோம். குளம்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே மன்னூபியா ஓடையைத் தாண்டிப் போனாள். மப்ரூக் வீட்டு முற்றத்தில், கதவுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு ஹம்ரா நின்றது. உள்ளேயிருந்து மப்ரூக்கின் மனைவி ஜாஸியா வந்தாள். மன்னூபியாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். எலும்பு தெரியும் உயரமான உடம்பு. சலாமுக்குப் பதில் சலாம் வந்தது, அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஒரு வாளியைக் கொண்டுவந்து பசுவுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஹம்ரா பெருமூச்சு விட்டுப் பாலைச் சுரந்தது. வாளி நிறைந்ததும் ஜாஸியா அதை மன்னூபியா கையில் கொடுத்தாள்.

"ஒரு பங்கு நீங்க எடுத்துக்குங்க அக்கா" என்றாள் மன்னூபியா.

"பால் உன்னோடது. வித்தாச்சு" என்று சொல்லிவிட்டு ஜாஸியா உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் இது தினசரி வேலையாகிவிட்டது. கயிற்றை அவிழ்த்தால் போதும், ஹம்ரா ஓடையை நோக்கி நடக்கும். கட்டிப் போட்டாலோ கத்தித் தீர்க்கும். பின்னால் வாளியோடு மன்னூபியா போவாள். ஜாஸியா பேசாமல் கறப்பாள், பேசாமல் கொடுப்பாள்.

ஷாத்லிக்கு அவமானமாக இருந்தது. "நம்ம மாட்டுப் பாலை நாமளே பக்கத்து வீட்ல போய் வாங்கிட்டு வர்றோம். ஊரே சிரிக்குது. திருப்பிக் குடுத்துடலாம்னா அந்த மப்ரூக் நம்ம காசுல கூரைக்குத் தகரம் வாங்கிட்டானாம்!"

"சிரிக்கட்டும். எனக்கும் நடக்க ஒரு இடம் வேணும்" என்றாள் மன்னூபியா. உண்மையும் அதுதான். பேசாதவளாக இருந்தாலும் ஜாஸியா ஒரு மனுஷி. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் இன்னொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார முடிந்தது.

நவம்பரில் பால் வற்றியது. கறக்க ஒன்றுமில்லாத பிறகும் ஹம்ரா போவதை நிறுத்தவில்லை. டிசம்பரில் ஆலிவ் பறிக்கும்போது ஏணி சரிந்து ஜாஸியா விழுந்து, வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, மன்னூபியா மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டியும் ஒரு சட்டி மிளகாய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு போனாள். ஜாஸியா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியை இடது கையால் பிய்த்தாள்.

"உள்ள மாவா இருக்கு" என்றாள்.

"தெரியும். துனிஸ்ல தெருமுனைக் கடையில வாங்குவோம்."

"அடுப்பு சூடாகறதுக்கு முன்னாடியே ஒட்டிட்ட" என்றாள் ஜாஸியா. குறை சொன்னாலும் முழு ரொட்டியையும் தின்று முடித்தாள். மன்னூபியா வீடு திரும்பும்போது, மூன்று மாதத்தில் ஜாஸியா பேசிய மிக நீண்ட பேச்சு இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜனவரி நடுவில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் தவிடு வாங்க ஷாத்லி டவுனுக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு மன்னூபியா கொட்டிலுக்குப் போனால் கயிறு மட்டும் கிடக்கிறது. எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். ஷாத்லியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஓடையில் முழங்கால் தண்ணீர். ஒரு செருப்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு அக்கரை சேர்ந்தாள்.

முற்றத்துச் சாய்ப்பின் கீழே ஹம்ரா படுத்திருந்தது. அதன் தலைமாட்டில் ஜாஸியா மண்டியிட்டிருந்தாள். கட்டுப்போட்ட கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"வா, வா, சீக்கிரம் வா! பனிக்குடம் உடைஞ்சு ஒரு மணி நேரமாச்சு. இவரு சந்தைக்குப் போயிட்டாரு. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, மழையில யாருக்கும் கேக்கலை."

பசுவின் பின்புறம் ஒரே ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. கூடவே ஒரு மூக்கின் நுனி.

"ரெண்டு காலு வரணும், நடுவுல மூக்கு வரணும். இன்னொரு காலு உள்ள மடங்கிக் கெடக்கு. கையை விட்டு எடுத்து நேராக்கணும்."

"யார் கையை?"

ஜாஸியா தன் கட்டைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு இருக்கறது இந்த மரக்கட்டை. எடது கைக்கு அவ்வளவு சூட்சுமம் கிடையாது. உன் கையைக் காட்டு." பார்த்தாள். "சின்னக் கைதான். கோட்டைக் கழட்டு."

"அக்கா, நான் கோழிகூட அறுத்தவ இல்ல."

"அறுக்கச் சொல்லலையே. எடுக்கத்தான் சொல்றேன்."

மன்னூபியா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, ஆலிவ் எண்ணெயைத் தடவிக்கொண்டாள். வெட்கமும் பயமுமாகக் கையை உள்ளே விட்டாள். உள்ளே அவ்வளவு சூடு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஹம்ரா முக்கியபோது கை நசுங்கிவிடும் போல வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவ முக்கறப்போ சும்மா இரு. விடறப்போ நீ வேலை செய். தலையை மெதுவா உள்ள தள்ளு. பயப்படாத, தள்ளு."

தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணால் பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் விரல் மட்டும் வழி தேடிப் போவது அவளுக்குப் புதிது இல்லை. கழுத்து. தோள். தோளிலிருந்து கீழே இறங்கினால் ஒரு முட்டி.

"முட்டி கிடைச்சுது!"

"விட்டுடாத. இன்னும் கீழ போ. குளம்பை உள்ளங்கையில மூடிப் பிடி. மூடாம இழுத்தா உள்ள கிழிஞ்சுபோகும். மூடிட்டியா?"

"மூடிட்டேன்... மூடிட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்காத, பிடி!"

ஒரு குளம்பு அவள் உள்ளங்கைக்குள் வந்து அடங்கியது. ஈரமான, மெத்தென்ற சின்னக் குளம்பு. அது கைக்குள் லேசாக உதைத்தது. மன்னூபியா 'யா ரப்பி, என் ஆண்டவனே' என்று கத்திக்கொண்டே அதை முன்னால் கொண்டுவந்தாள். இரண்டு காலும் நேரானதும் ஜாஸியா கயிற்றைக் கட்டி, ஒற்றைக் கையாலும் இடுப்பாலும் இழுக்க, மன்னூபியா இரண்டு கையாலும் இழுக்க, ஹம்ரா முக்க, கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோல் மேல் விழுந்தது. அசையவில்லை.

ஜாஸியா கன்றின் வாயிலிருந்த சளியை வழித்தெறிந்துவிட்டு, ஒரு வைக்கோலை உருவி அதன் மூக்குத் துளையில் விட்டுக் குடைந்தாள். ஒன்றுமில்லை. மறுபடி குடைந்தாள். கன்று தும்மியது.

அந்தத் தும்மலுக்குப் பிறகு இரண்டு பெண்களும் ஒன்றும் செய்யாமல் வைக்கோலில் சரிந்து உட்கார்ந்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுதார்கள். எதற்கு அழுகிறோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஹம்ரா எழுந்து கன்றை நக்க ஆரம்பித்தது.

"கிடாரி" என்றாள் ஜாஸியா, கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்து. பிறகு தானாகவே சொன்னாள்: "எங்கம்மா குடுத்த வெள்ளிக் காப்பை வித்துத்தான் இவளை வாங்கினேன். கன்னுக்குட்டியா தூக்கிட்டு வந்தேன். ஒருநாள் கிணத்தடிக்குப் போயிட்டு வந்தா கொட்டில் காலி. ஒரு வார்த்தை கேக்கலை அந்த மனுஷன். கூரை ஒழுகுதாம்."

"எங்களுக்குத் தெரியாது அக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னு எனக்கும் தெரியும். அப்படியும் உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை, என்ன செய்யறது."

இந்த நேரத்தில்தான் ஷாத்லி வந்து சேர்ந்தார். வீட்டில் பெண்டாட்டியும் இல்லை, பசுவும் இல்லை, ஓடைக்கரையில் ஒரு செருப்பு ஒதுங்கிக் கிடக்கிறது என்றால் மனிதன் என்ன நினைப்பான்? ஓடிவந்த வேகத்தில், தோள்வரை ரத்தமாக உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் அவர் சாய்ப்பின் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"யாரு... யாரு உன்னை வெட்டினா?"

"மந்திரிக்குத் தண்ணி குடு" என்றாள் ஜாஸியா. மன்னூபியா அந்த ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாக வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஒரு வாரம் தாயும் கன்றும் அங்கேயே இருந்தன. ஜாஸியாவுக்குக் கறக்கக் கையில்லை. எனவே மன்னூபியா கறந்தாள், ஜாஸியா பசுவின் நெற்றியோடு நெற்றி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாள் ஹம்ரா யோசித்தது. மூன்றாம் நாள் மன்னூபியாவின் விரலுக்கும் பால் இறங்கியது.

தாயையும் கன்றையும் வீட்டுக்கு ஓட்டிப்போகும் நாளில் மன்னூபியா சொன்னாள்: "இந்தக் கன்னு வாரத்துக்கு, அக்கா. பாதி உன்னுது, பாதி எங்களுது."

ஜாஸியாவின் முகம் இறுகியது. "பிச்சை போடறியா?"

"பிச்சையா? தீனி எங்களோடது, பால் மறந்ததும் இங்க வச்சு வளர்க்கறது உன் பாடு. சீக்கு வந்தா முழிச்சிருந்து பாக்கறதும் நீதான். இதுல பிச்சை எங்க வந்தது?"

ஜாஸியா மப்ரூக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் புதுத் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. ஆனா இந்த ஆளு எனக்குத் தெரியாம வித்துடாத மாதிரி, உன் புருஷன் புஸ்தகத்துல எழுதி வைக்கச் சொல்லு" என்றாள். ஷாத்லி எழுதியும் வைத்தார்.

சொர்க்கம் ஒன்றும் இறங்கிவிடவில்லை. கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. ஷாத்லி நட்ட பாதாம் கன்றுகளில் பாதி கருகியது. அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு இடுப்புப் பிடித்து, பதினைந்து நாள் படுக்கையில் கிடந்தார். ஒருநாள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்புப் பண்ணிட்டேன் மன்னூபியா. உன்னையும் இழுத்துட்டு வந்து இந்தக் கல்லுல போட்டேன். வித்துட்டுப் போயிடலாம்."

அவள் கறந்த பாலைச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "நீ கூப்பிட்டே, வந்தேன். அப்போ எனக்கு இஷ்டமில்லை, நீ கேக்கலை, நானும் சொல்லலை. இப்போ கேளு, சொல்றேன். நான் எங்கயும் வரலை."

ஷாத்லி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "இஷ்டமில்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார்.

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே. எழுந்திரு, எண்ணெய் தேய்ச்சு விடறேன்."

இடுப்பு சரியானதும் அவர் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினார். சந்தை நாளில் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறார். ஆறு பத்துக்கு வண்டி கிளம்பும். மணி ஆறு பதினொன்றுக்கு ஓடிவருகிறவர்களை அவர் கண்ணாடியில் பார்ப்பார், நிறுத்தமாட்டார். பெண்கள் திட்டுகிறார்கள், ஆனால் இப்போது எல்லோரும் ஆறு மணிக்கே வந்து நிற்கிறார்கள்.

முன் இருக்கை மன்னூபியாவுக்கும் ஜாஸியாவுக்கும். நடுவில் விற்க எடுத்துப்போகும் பாலாடைக்கட்டிக் கூடைகள், ஈரத்துணி போட்டு மூடியது. கிடாரிக்கு என்ன பெயர் என்பதில் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒருத்தி மப்ரூக்கா என்கிறாள், இன்னொருத்தி அந்த ஆளு பெயரை என் மாட்டுக்கு வைக்காதே என்கிறாள். டவுன் வரைக்கும் சண்டை நடக்கும். ஷாத்லி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார்.