அம்மாவுக்கு அனுப்பிய மீன்கள்

இடம் முடிந்துவிட்டது, எதையாவது அழி என்று என் போன் எப்போதும் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருக்கும். அழிக்கலாம் என்று திறந்தால் எல்லாம் மீன். யாருடையவோ கலியாணவீட்டுப் படத்தைத் தேடினால் மீன் வரும். என் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து வைத்தேனே என்று தேடினாலும் முதலில் மீன்தான் வாயைப் பிளந்துகொண்டு வரும்.

என் மனுசனுக்கு மீன்பிடி விசர். அதற்கு வேறு சொல் இல்லை. ஊரில் இருந்தபோது தூண்டிலைத் தொட்டும் பார்த்ததில்லையாம். இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்த பிறகு பிடித்த விசர் இது. மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறார். திங்கட்கிழமை அது பூட்டு. அந்த ஒரு நாளாவது மனுசன் படுத்து எழும்பட்டும் என்று பார்த்தால், விடிந்ததும் விடியாததுமாகத் தூண்டிலோடு கடற்கரைக் கற்களில் நிற்பார். போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்களுக்கு ஒன்றரை அறை. அரை அறை தூண்டில்களுக்கு. குளிர்ப்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் புழு டப்பா இருக்கும். ஒருநாள் தயிர் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு மேல்வீட்டு இத்தாலிக்காரி இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

மீன் பிடிப்பதோடு நின்றிருந்தால் நான் வீட்டில் கிடந்து நித்திரை கொண்டிருப்பேன். இவருக்கு மீனோடு படமும் வேண்டும், படம் எடுக்க நானும் வேண்டும். அதற்காகவே நான் வீட்டுவேலை செய்யும் சிஞ்ஞோராவிடம் கெஞ்சி என் லீவையும் திங்களுக்கு மாற்றுவித்தார். ஆறு நாள் அவளுடைய நிலத்தைத் துடைத்துவிட்டு ஏழாம் நாள் கல்லில் குந்தியிருந்து கடலைப் பார்ப்பேன். முழங்கால் இரண்டும் சேர்ந்து என்னைத் திட்டும்.

மீன் வந்துவிட்டால் வாலில் பிடித்துக்கொண்டு, கையை எட்டினமட்டும் என் பக்கம் நீட்டுவார். அப்படி நீட்டினால் மீன் பெரிசாகத் தெரியுமாம்.

“இஞ்சரும், வெயிலுக்கு எதிரா நிக்காதையும். மீன்ரை பளபளப்புப் போயிடும்.”

“குனிஞ்சு நிண்டு எனக்கு நாரி முறியுது.”

“நாரியைப் பிறகு பாப்பம். என்ரை தலை வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, மீன் முழுசா வரவேணும். கெதியா எடும்.”

இந்தப் படங்களெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் இவருடைய அம்மாவுக்கு. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதே மாமியின் குரல் போனில் வந்துவிடும். “நல்ல மீன் ராசா. குழம்போ, பொரியலோ? எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை.” சொல்லிவிட்டுச் சிரிப்பார். இவர் அதைச் சத்தமாகத் திரும்பத் திரும்பப் போடுவார். பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இவரிடம் இருப்பது பெர்மெசோ, அகதிக்குக் கொடுக்கும் வதிவிட அனுமதி. அதோடு தந்த பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அடித்திருக்கிறது. இங்கே வந்த பிறகு தாயை நேரில் காணவில்லை. இத்தனை மீன் பிடித்தும் ஒரு துண்டு தாயின் வாயில் போனதில்லை. அவர் பார்த்ததெல்லாம் படம்தான்.

போன மாசியில் மாமி மோசம் போய்விட்டார். செத்தவீட்டைப் போனில் பார்த்தோம். பெட்டி மூடும்போதும் இவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் செத்தவருக்கு எட்டாம் நாள் படைப்பார்கள். அவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்துப் படத்துக்கு முன்னால் வைப்பது. ஊரில் இவரோடு கூடப்பிறந்த மச்சாள் படைப்பா, இங்கே நாங்களும் ஒரு தட்டு வைப்போம் என்று இருந்தோம். மீனுக்கு எங்கே போவது? கீழே இறங்கினால் சந்தை. ஆனால் இவர் முதல்நாளே தூண்டிலைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

“சந்தையிலை உயிர்மீன் மாதிரிக் கிடக்குது. வாங்குவமே?” என்றேன்.

“வாங்கின மீனை அம்மா எந்த நாளும் சாப்பிட்டவதானே. என்ரை மீனை எப்ப சாப்பிட்டவ?”

இரண்டு பேரும் லீவு கேட்டுக்கொண்டு எட்டாம் நாள் காலையிலேயே போனோம். அன்றைக்கென்று காற்று. கடல் கலங்கிப்போய்க் கிடந்தது. தூண்டில் போவதும் வெறுமையாக வருவதுமாக இருந்தது. பக்கத்துக் கல்லில் நின்ற சிசிலிக்காரருக்கு ஏற்கெனவே இரண்டு அகப்பட்டிருந்தது. விசயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றைத் தூக்கி நீட்டினார். இவர் நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. “கடல் ஒண்டுதானே, வாங்குங்கோவன்!”

இவர் புதுப் புழுவைக் கோர்த்து மறுபடி தூண்டிலை எறிந்தார். எரிச்சலுக்குள்ளே இருந்தது பயம்தான். இன்றைக்கு மீன் வராவிட்டால் இந்த மனுசன் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். பிள்ளையாரைக் கூப்பிட்டேன். மீன் மச்சம் கேட்டுப் பிள்ளையாரைக் கூப்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் கடந்த பிறகு தூண்டில் தடி வளைந்தது. வாலடியில் கறுப்புப் பட்டை போட்ட ஒரு சராகோ மீன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. நான் பழக்கத்தில் எழும்பி, வெயில் முதுகில் படும்படி போனோடு நின்றேன். இவர் கையை நீட்டவில்லை. மீனைப் பைக்குள் வைத்தார்.

“எடுக்கேல்லையோ?”

“வேண்டாம். இனி ஆர் பாக்கிறது?”

இந்த வேலை எப்போது ஒழியும் என்று எத்தனை திங்கட்கிழமை சலித்திருப்பேன். ஒழிந்தபோது அழுகைதான் வந்தது.

வீட்டில் என்னைச் சட்டிக்குக் கிட்ட விடவில்லை. தானே வெட்டிக் கழுவி, வியா மக்வேதாத் தெருப் பக்கத்துத் தமிழ்க் கடைக் கறித்தூளும் புளியும் விட்டுக் குழம்பு வைத்தார். படையல் சாப்பாட்டை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாது. மணத்தைக்கூடப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சோறும் குழம்பும் தட்டில் போட்டு, துண்டில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்தார். தட்டை மாமியின் படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றிச் சூடம் காட்டினோம். பிறகு செத்தவர் வந்து சாப்பிட வேண்டுமென்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். மேல்வீட்டுக்காரி கடந்து போகும்போது, சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, உள்ளே ஆள் சாப்பிடுகிறார் என்று எப்படிச் சொல்வது? சிரித்துச் சமாளித்தேன்.

உள்ளே போய் நாங்களும் சாப்பிடக் குந்தினோம். முதல் வாயை வைத்ததும் இவர் கை நின்றது. நான் தொட்டு நாக்கில் வைத்தேன். குழம்பில் உப்பு இல்லை. மருந்துக்கும் இல்லை.

“முதல் முதல் என்ரை மீன் சாப்பிட்டிருக்கிறா,” என்றார். “உப்பில்லாமல்.”

அப்போதுதான் அழுதார். எட்டு நாளும் வராத அழுகை. சோற்றுக் கையோடு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். “உங்கடை மீன் எண்டு ருசிச்சுத்தான் சாப்பிட்டிருப்பா,” என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. எழும்பிப் போய் உப்புப் போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து போத்தலை எடுத்தார். தன் தட்டுக்குப் போடவில்லை. படத்துக்கு முன்னால் இருந்த தட்டில் ஒரு கிள்ளுப் போட்டு, விரலால் பிசைந்துவிட்டார். பிறகு என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு மறுபடி வெளியே வந்து கதவைச் சாத்தினார்.