அக்காவின் ஸ்லைடு

போர்ட் பிளேயரில் ஒரு ஆஸ்பத்திரியின் பயாப்ஸி லேபில் நான் டெக்னீஷியன். ஆபரேஷனில் வெட்டியெடுப்பதெல்லாம் ஃபார்மலின் டப்பாவில் எங்களிடம் வரும். தைராய்டும் வரும், பெரும்பாலும் பெண்களுடையது. அநேகமாகச் சாதாரண வீக்கமாக இருக்கும். புற்றாக இருந்தால் அதிகமும் பாப்பிலரி என்ற வகை; அதற்கடுத்து ஃபாலிகுலர். மெடுல்லரியை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்வதை ரிஜிஸ்டரில் எழுதுவேன். எந்த நோயாளியின் பெயரும் மனதில் நின்றதில்லை.

போன வருடம் திக்லிபூரிலிருந்து என் அக்கா வந்தாள். அத்தானோடு அங்கே பாக்குத் தோட்டம் பார்க்கிறவள். நாள் முழுக்க பஸ்ஸில் வந்து, போர்ட் பிளேயரின் லம்பா லைன் பகுதியில் என் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று ஏறி இறங்கியது.

"எவ்வளவு நாளாக்கா இது?"

"மழைக்கு முன்னாடியே இருந்துச்சு. வலிக்கலையே."

ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. கட்டி இருந்த பாதித் தைராய்டை எடுத்தார்கள். அது என் மேஜைக்கு வந்தது. இன்னொரு டெக்னீஷியன் லீவில் மெயின்லேண்ட் போயிருந்தார்.

"உன்னால முடியுமா?" என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார்.

"நானே பண்றேன், சார்."

மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போட்டேன். எப்போதும் செய்வதுபோலத்தான் செய்தேன். அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாப்பிலரி" என்றார். அக்காவிடம் நானே சொல்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

"புத்துதான்க்கா. ஆனா இருக்கறதுலயே நல்ல ரகம்."

"நெல்லாடி இது? நல்ல ரகம், கெட்ட ரகம்னு பிரிக்கறே?" ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் குரல் கரகரத்திருந்தது. "எத்தனை பேர்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கே?"

"யார்கிட்டயும் சொன்னதில்லக்கா. எழுதறதோட சரி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். லேபிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகவில்லை. பிறகு திரும்பாமலே கேட்டாள்: "மறுபடி வெட்டுவாங்களா?"

"ஆமாக்கா."

கட்டி தைராய்டின் உறையைத் தாண்டி வெளியே பரவியிருந்ததால் மீதிப் பாதியையும் எடுத்தார்கள். பிறகு கதிரியக்க அயோடினுக்காகச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்து அவளைத் தனி அறையில் வைத்தார்கள். யாரும் கிட்டே போகக்கூடாது. வெளியிலிருந்து போன் செய்தேன்.

"பயமா இருக்காக்கா?"

"தூங்கறேன்டி. கல்யாணமானதிலேர்ந்து இப்படித் தூங்கினதில்ல."

இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. குரலும் தெளிந்துவிட்டது. போன மாதம் தன் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணைக் கழுத்துக் கட்டியோடு கூட்டிவந்தாள். ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி. இருவரும் பஜாரில் ஆளுக்கொரு நைட்டி வாங்கிக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் திக்லிபூர் திரும்பினார்கள்.