முப்பது நிமிட நீராவி

தொட்டிக் குழாயில் பிடித்த முதல் குவளையைச் சாக்கடையில் ஊற்றுகிறாள் லுவான் யூமெய். இரண்டாவதைக் குடுவையில் பிடித்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறாள். ஏழாம் தொட்டி. சோளமாவுக் கரைசலில் விதைத்த கருப்புப் பூசணம் இரண்டரை நாளாகக் காற்றைக் குடித்து வளர்ந்து, தினையரிசி போல உருண்டு திரண்டிருக்கிறது. மாவை அமிலமாக்குவது அதுதான். நல்ல தொட்டி நனைந்த வைக்கோல் போல மணக்கும். கெட்ட தொட்டி, கழற்றிப்போட்ட காலுறை.

"இது பிழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு எட்டாம் தொட்டிக்கு நடக்கிறாள்.

சீனாவின் ஷாண்டோங் கடற்கரையை ஒட்டிய இந்தச் சிட்ரிக் அமிலத் தொழிற்சாலையில் அவளுக்கு இது இருபத்து மூன்றாம் வருடம். மதியம் பச்சை வெங்காயத்தாளை ரொட்டியில் சுருட்டிக் கடித்துத் தின்பாள். "அதைத் தின்னுட்டு மூக்கு எப்படிக்கா வேலை செய்யுது?" என்று ஆய்வகத்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். "உங்க மெஷின் வெங்காயம் தின்னாமலே தப்பாச் சொல்லுதே, அதுக்கென்ன சொல்றீங்க?" என்பாள்.

கோபம் அவளோடு கூடப்பிறந்தது. சோடா விளம்பரத்தில் எலுமிச்சம்பழம் வெட்டுப்பட்டுச் சாறு தெறித்தால் டீவியைப் பார்த்து வைவாள். பார்வையாளர்கள் வந்து, எலுமிச்சையை எங்கே பிழிகிறீர்கள் என்று கேட்டால் இன்னும் மோசம். "ஒரு எலுமிச்சம்பழம் இந்தக் கேட்டைத் தாண்டுனதில்ல. உங்க மிட்டாயில, ஜாமுல, கெட்டில் கறை எடுக்கிற பொடியில, காய்ச்சல் மாத்திரையில, எல்லாத்துலயும் இருக்கிறது பூசணம் செஞ்ச புளிப்பு. அதுக்கு ஒரு நன்றி சொல்லுங்க, போங்க."

ஆனால் போன நவம்பரில் வந்தது வேறு கோபம்.

அடுத்தடுத்து மூன்று தொட்டிகள் கெட்டன. வேறு கிருமி புகுந்து பூசணத்தைத் தின்றுவிட்டது. ஒவ்வொன்றிலும் இருநூறு டன் கரைசல். நான்காம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: விதைப் பூசணம் வளர்க்கும் பாங் தேஷுனின் கவனக்குறைவே காரணம், அவர் வேலைநீக்கம் செய்யப்படுகிறார். பாங்குக்கு ஐம்பத்தேழு வயது. திக்குவாய். தனக்காக நாலு வார்த்தை பேச அவருக்கு நாள் முழுக்க வேண்டும். தாளைப் படித்தார், அறைக்குப் போனார், கையுறைகளைக் கழற்றி மடித்தார்.

"அண்ணே, தப்பு உங்களோடதா?" யூமெய் வாசலில் நின்று கேட்டாள்.

"இ... இல்ல."

"அப்ப ஏன் கையுறைய மடிக்கிறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கரைசலை ஊற்றுமுன், உள்ளே ஒட்டியிருக்கும் கிருமி சாக, வெறும் தொட்டியை முப்பது நிமிடம் நீராவியில் வேகவைக்க வேண்டும். அக்டோபரில் பிரிவுத் தலைவர் யின், நிலக்கரி மிச்சமாகட்டும் என்று பதினெட்டு நிமிடமாகக் குறைக்கச் சொன்னார். வாயால் சொன்னதுதான், தாளில் எழுதவில்லை. பதினெட்டாம் நிமிடம் நீராவி வால்வை மூடியது யூமெயின் கை. வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அதை நினைக்க நினைக்கத்தான் உடம்பெல்லாம் பற்றியது.

தொட்டிக்குப் பக்கத்தில் வெப்பத்தைக் கோடாக வரையும் கருவி இருக்கிறது. அதிலிருந்து எடுத்து அடுக்கியிருந்த வட்டக் காகிதங்களில் கெட்ட மூன்று தொட்டிகளுக்கு உரியதைத் தேடியெடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் கூட்ட அறைக்குள் நுழைந்தாள்.

"லுவான் அக்கா, கூட்டம் நடக்குது. வெளிய இருங்க" என்றார் யின்.

"வெளிய இருந்துதான் இத்தனை நாள் பாத்தேன்." மூன்றையும் மேசைமேல் பரப்பினாள். "கோடு எங்க இறங்குதுன்னு பாருங்க. பதினெட்டாவது நிமிஷம். மூணுலயும் அதேதான். பாங் அண்ணனுக்குத் திக்கும். இந்தக் காகிதத்துக்குத் திக்காது."

யின் காகிதத்தைப் பார்த்தார். இப்போது 'அக்கா' என்ற அழைப்பு போய்விட்டது.

"லுவான் யூமெய், அந்த ஷிப்ட் உன்னோடது. வால்வை மூடுனது யாரு?"

"நான்தான். நீங்க மூடச் சொன்னீங்க, தெரிஞ்சே மூடுனேன். எனக்குத் தண்டனை எழுதுங்க. உங்க பேருக்குக் கீழ எழுதுங்க."

மறுநாள் பலகையில் அந்தத் தாள் இல்லை. புதுத் தாளும் இல்லை. பாங் தன் அறைக்குத் திரும்பினார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. யூமெயிடமிருந்து ஷிப்ட் தலைவி பதவியைப் பிடுங்கிக்கொண்டு, தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று பக்கமாவது வேண்டும் என்றார்கள். அவள் மூன்று வரி எழுதினாள்: "கதவைத் தட்டாமல் நுழைந்தது தவறு. வால்வை மூடியது அதைவிடப் பெரிய தவறு. மூடச் சொன்னவர் தன் தவறை எழுதித் தந்ததை எனக்கும் காட்டவும்."

நீராவி மறுபடி முப்பது நிமிடமானது. அதையும் வாயால்தான் சொன்னார்கள்.

முதல் தொட்டி வேகும்போது தலைக்கவசத்தோடு யின்னே வந்து நின்றார். வெளியே லாரிகள் சரக்குக்குக் காத்திருந்தன. இருபத்திரண்டாம் நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சூடுதான் நல்லா ஏறிடுச்சே, அக்கா. போதும்னு நினைக்கிறேன்."

யூமெய் சுவரோரம் கிடந்த இரும்பு முக்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து, அவருக்கும் வால்வுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள்.