குருவம்மாவை ஏரி கூப்பிட்டது

போன சனிக்கிழமை மத்தியானம் நான் ஏரியில் இறங்கிச் செத்துப்போனேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம் எல்லோருமாக டீ குடித்தோம்.

பயப்படாதீர்கள்... புத்தகத்தில்தான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு வாயாடுகிற நான், நேரில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். பேனாவுக்கு மட்டும்தான் வரும். அப்படிப்பட்டவளை உத்தமபாளையத்தில் ஒரு புக் கிளப்பில் இழுத்துவிட்டவள் ஜெயக்கொடி. திராட்சைத் தோட்டக்காரி. எனக்கு மதினி முறை. என்னைவிட இளையவள், வாய் மட்டும் மூத்தது.

ரஹ்மத்தின் தையல் கடை மாடியில்தான் கூடுவோம். சனிக்கிழமை மத்தியானம் மெஷின்களை நிறுத்திவிட்டு, தமிழில் வந்திருக்கிற வெளிநாட்டுக் கதைகளை ரஹ்மத் உரக்க வாசிப்பாள். பொத்தான் தைத்துக்கொண்டே கேட்கிறவர்களும் உண்டு.

ஒரே ஒரு தொல்லை — பெயர்கள். ஒவ்வொன்றும் ஒரு முழம். வாயில் நுழைந்தால்தானே? அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கதையில் யார் வந்தாலும் எங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றை வைத்துவிடுவது. போன நாவலில் கப்பல் கேப்டன் ஒச்சப்பன். அவனுக்கு விஷம் வைத்த சீமாட்டி மாரியம்மாள். கதை வழுக்கிக்கொண்டு ஓடும்.

இந்தத் தடவை பனி கொட்டுகிற வடக்கு தேசம் ஒன்று. ஏரிக்கரையில் தனியாக இருக்கிற வயதானவள்தான் கதாநாயகி. யாரோடும் பேசமாட்டாள்.

"இவ நம்ம மதினியேதான். குருவம்மான்னு வையி" என்றாள் ஜெயக்கொடி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் குனிந்துகொண்டு சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்... கதாநாயகி அல்லவா?

சில வாரம் கழித்து, கதையில் அந்த ஏரி கூப்பிட ஆரம்பித்தது. உறைந்துகிடக்கிற பனிக்கு அடியிலிருந்து, பட்டப்பகலில், அவள் பெயரைச் சொல்லி ஒரு குரல். ரஹ்மத் நன்றாக வாசிக்கிறவள். குரலை இறக்கி, மெதுவாக, "குருவம்மா..." என்றாள்.

எனக்குத் திடுக்கென்றது.

ஏன் தெரியுமா? என்னை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. மதினி, பெரியம்மா, அப்பத்தா — இவைதான் இப்போது என் பெயர்கள். மொட்டையாகக் குருவம்மா என்று கூப்பிட்டவர்கள் அய்யாவும் ஆத்தாளும், அண்ணனும், என் வீட்டுக்காரரும். ஒருவரும் இன்றைக்கு இல்லை. இந்தப் பக்கத்தின் தலையில் அச்சடித்துக் கிடப்பதோடு சரி.

'ஏன்' என்று பதில்குரல் கொடுக்க வாயைத் திறந்தேவிட்டேன். ஜெயக்கொடி என் முழங்காலை அழுத்தினாள்.

"பேசாம இருங்க மதினி. மூணு தடவ கூப்பிட்டாத்தான் ஏன்னு கேக்கணும்."

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. கூப்பிடுவது ஆள் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடும். மற்றதற்கு இரண்டுக்கு மேல் வாய் வராது. ஏரிக்கரைக்காரிக்கு அதைச் சொல்லித்தர அங்கே ஆளில்லை போலிருக்கிறது. இரண்டாவது கூப்பாட்டுக்கே கதவைத் திறந்துவிட்டாள். வெளியே பனியின்மேல், அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

மறுநாள் காலையில் என் செருப்பில் ஒன்றைக் காணோம்.

என் வீட்டுக் கொல்லையை ஒட்டி வாய்க்கால். முதல்போகத்துக்குத் தண்ணீர் விட்டிருப்பதால் கரை தட்டி ஓடுகிறது. செருப்பு அதன் படியில் கிடந்தது. நாய் தூக்கிப் போயிருக்கும்... வேறென்ன?

ஜெயக்கொடியிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ரஹ்மத் தனியாகக் கடைசிவரை வாசித்துவிட்டாளாம். முடிவு நல்லதாக இல்லையாம்.

"பேரத் திருப்பிக் குடுத்துருவோம் மதினி. பேரு ஒட்டிக்கிரும்னு சொல்லுவாக. வச்சது நானு. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சரி என்று தலையாட்டினேன்.

போன சனிக்கிழமை கடைசி சேப்டர். மலைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று, மாடித் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ரஹ்மத் புத்தகத்தில் இருக்கிற பெயரை வைத்தே வாசித்தாள். அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் அவளுக்கு நாக்கு பிசகியது. முதலில் ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் இன்னொருத்தி. அந்தக் கிழவி பனியில் காலை வைக்கிற இடம் வந்தபோது, ஜெயக்கொடியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

எனக்கு என்னவோ செய்தது. அங்கே ஒருத்தி சாகப்போகிறாள். இங்கே நாங்கள் அவள் பெயரைச் சொல்லத் தெரியாமல் சிரிக்கிறோம்.

"என் பேரையே போட்டு வாசி தாயி" என்றேன்.

யாருடைய குரல் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாடியில் நான் பேசிய முதல் பேச்சு அது. ஜெயக்கொடி வேண்டாம் என்று கையைப் பிடித்தாள்.

"சாகப்போறவ... வாயில நுழையாத பேரோடவா போவா?" என்றேன்.

ரஹ்மத் என்னையே பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். குருவம்மா நடந்தாள். ஏரி கூப்பிட்டது. பனி பிளந்தது. அப்புறம்தான் மூக்கைச் சிந்தியதும், டீ குடித்ததும்.

உலகத்துக் கதைகளைப் படித்தால் மனசு விசாலமாகும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் விசாலமான வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

மறுநாள் ஞாயிறு, உச்சிப்பொழுது. காற்று நின்றிருந்தது. அடுப்படியில் இருந்தேன். கொல்லைப் பக்கம், வாய்க்காலிலிருந்து யாரோ "குருவம்மா" என்றார்கள். மொட்டையாக.

நான் அசையவில்லை.

இன்னொரு தடவை... இப்போது கொஞ்சம் கிட்டத்தில்.

மூன்றாவதுக்காக உட்கார்ந்திருந்தேன். உலை கொதித்து, பொங்கி, அடுப்பே அணைந்துபோயிற்று. வரவில்லை.

போய்ப் பார்க்கவில்லை. 'ஏன்' என்று கேட்கவும் இல்லை. எனக்கு ஏது அவ்வளவு தைரியம்?

கொல்லைக் கதவை மட்டும் அன்றிலிருந்து தாழ் போடுவதில்லை.