மணியக்காரி வைத்த விருந்து

குடும்பத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோரையும் மணியம் செய்கிறவள் என்பதால் மணியக்காரி. பட்டம் சூட்டியவர் அவளுடைய அக்கா புருஷன். சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பி, கை கழுவிவிட்டு வரச் சொன்ன நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வேலையும் அப்படித்தான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. பல்வலிக்காரனுக்குப் பொறுமை கிடையாது, டாக்டருக்கு நேரம் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே போக வேண்டும் என்பதைப் பிசகாமல் நடத்திக்கொண்டிருந்தாள். வீட்டிலும் காலில் சக்கரம் கட்டியவள் போல ஓட்டம்தான். "அவ உட்கார்ந்து காப்பி குடிச்சத நான் பார்த்ததே இல்ல" என்று அக்கா சொல்வாள். அதில் பாதிதான் விளையாட்டு.

கணவர் நேர் எதிர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த ஆழமான இருட்டுக்குள் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் நான்கு கேள்விக்கு மூன்று 'ம்' பதிலாக வரும். மூன்றாம் மாடியில் அந்த வீட்டுக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவரும் அவளுமாக இரண்டே பேர்.

அவருக்கு ஐம்பது வயது நிறைகிற சனிக்கிழமைக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தெரியாமல் வைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

"ஏடி, அந்த மனுஷன் அதிர்ச்சியில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவ?" என்றாள் அக்கா.

"கீழ் வீட்டு நர்ஸையும்தான் கூப்பிட்டிருக்கேன்."

எல்லாக் கணக்கும் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. கோழி வறுக்கிற வாசனை மாடிப்படியில் இறங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் சமையல் முழுக்க அக்கா வீட்டில். பழரசமும் பழங்களும் நர்ஸின் ஃப்ரிட்ஜில். மருத்துவமனையில் நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளைச் சனிக்கிழமை மதியமே கேட்டு வாங்கி மேலேற்றிவிட்டாள். வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தால் குருடனுக்கும் தெரிந்துவிடுமே என்று, வருகிறவர்களின் செருப்பையெல்லாம் ஒரு பழைய போர்வையில் மூட்டை கட்டிக் குளியலறைக்குள் தள்ளினாள். பலூன் மட்டும் வேண்டாம் என்று தடை போட்டாள். ஒன்று வெடித்தால் போதும், காரியம் கெட்டது.

ஒரே ஒரு விஷயம்தான் அவள் கையை மீறிப் போனது. காலையில் கணவர் தன் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

சாயங்காலம் ஆறரைக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வெளியே மழை இருட்டு. அவரோடு வேலை செய்யும் நாலைந்து மெக்கானிக்குகள் முன்னதாகவே நழுவி வந்திருந்தார்கள். "கிளம்பிட்டாரு, பஸ்ஸுக்கு நிக்கறாரு" என்றார் அவர்களில் கடைசியாகப் பைக்கில் வந்து சேர்ந்தவர்.

"விளக்க அணைங்க. போனெல்லாம் உள்ள வைங்க. மூச்சு விடலாம், தும்மக் கூடாது" என்று மணியக்காரி உத்தரவு போட்டாள். அக்காவுக்கு முட்டி வலி. முனகிக்கொண்டே சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் புருஷன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். மெக்கானிக்குகள் திரைச்சீலைக்குப் பின்னால். எல்லாம் அடங்கிய நேரத்தில் கேக் கடைக்காரர் பெட்டியோடு மூச்சிரைக்க வந்து நின்றார். திருப்பி அனுப்ப நேரமில்லை. அவரை அப்படியே உள்ளே இழுத்து, கதவோரத்து மூலையில் பெட்டியும் கையுமாக நிறுத்திக் கதவைப் பூட்டினாள். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றாள்.

அந்த வீட்டில் அவள் ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

அவளுக்குப் பழகிய வீடாக அது தெரியவில்லை. மருத்துவமனையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது மேசைக்கு முன்னால் வந்து நின்றால், நிமிராமலே அவளுக்குத் தெரிந்துவிடும். அதே மாதிரி இப்போதும் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வெறும் இருட்டு. யாரோ இடம் மாறி நிற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பூட்டு திறந்தது. வெளிவிளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து, கதவு சாத்தியதும் மறைந்தது. இப்போது ஸ்விட்சைப் போடுவார், எல்லோரும் கத்த வேண்டும். ஆனால் அவர் போடவில்லை. இருட்டிலேயே நின்று ஷூவைக் கழற்றினார். அவசரமில்லாமல், தினமும் அப்படித்தான் செய்கிறவர் போல.

"இருக்கியா?" என்றார்.

பதில் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் மட்டும் போயிற்று.

"அப்படியா? எல்லாரும் வந்தாச்சா?"

மேசைக்கு அடியில் அக்கா புருஷனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆள் கண்டுபிடித்துவிட்டான், விளையாடுகிறான் என்று நினைத்தார்.

"சோபாவுக்குப் பின்னாடியா? ஐயோ பாவம், அவங்களுக்கு முட்டி வலியாச்சே." கொஞ்சம் நிறுத்தினார். "மேசைக்கு அடியில? அந்த ஆளு வேற எங்க இருப்பாரு."

மெல்லச் சிரித்தார். மேசைக்கு அடியில் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த இருட்டில் தன் கையைத் தானே பார்க்க முடியாது.

மணியக்காரியைப் பயமுறுத்தியது வார்த்தைகள் அல்ல. அவர் குரல். இத்தனை பேச்சு, இத்தனை கனிவு அந்த மனிதரிடம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

"எவ்வளவு பாடுபட்டிருக்கா பாரு. நான் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன். நீயும் சும்மா இரு, என்ன?" மறுபடி ஓர் இடைவெளி. "மூலையிலயா? அது கேக் கொண்டுவந்தவரா இருக்கும். அவர் பக்கத்துல நிக்கறது நீதானே? தள்ளி நில்லு. மனுஷன் பயந்துடுவாரு."

மூலையில் அட்டைப்பெட்டி நொறுங்குகிற சத்தம் கேட்டது.

விளக்கு எரிந்தது. யாரும் கத்தவில்லை. அக்கா சோபாவின் விளிம்பைப் பிடித்தபடி பாதி எழுந்து நின்றாள். திரைச்சீலைகள் அசையவே இல்லை. கேக் கடைக்காரரின் முகம் மாவு பூசியது போல் இருந்தது. அவர் பக்கத்தில் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை.

"பிறந்தநாள் வாழ்த்துகள்!" என்று மணியக்காரி தனியாகக் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

அவர் நெஞ்சில் கைவைத்துப் பின்வாங்கினார். "ஐயையோ! என்னம்மா இது? எனக்கு ஒண்ணுமே தெரியாதே!" கண் விரிந்தது, வாய் திறந்தது, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இவ்வளவு நன்றாக நடிக்க வரும் இவருக்கு என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கேக் கடைக்காரர் நசுங்கிய பெட்டியை மேசையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, "கடையில ஆள் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

சமையலறையில் அக்கா அவள் கையைப் பிடித்தாள். "யார்கிட்டடி பேசினாரு?"

"போன்லக்கா."

"போன் உன் ஃப்ரிட்ஜ் மேல கிடக்குது."

மணியக்காரி சோற்றுப் பாத்திரத்தை அக்கா கையில் கொடுத்து, "கொண்டுபோய் வை, ஆறிடும்" என்றாள். என்ன ஆனாலும் விருந்து கெடக் கூடாது. கூப்பிட்டு வந்தவர்கள் வயிறு காய்ந்து திரும்பக் கூடாது. தட்டுகளை நீட்டினாள். அக்கா புருஷனை உசுப்பிவிட்டாள். அவர் தன் பழைய நகைச்சுவைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஆயிரம் தடவை கேட்டதுதான். ஆனாலும் அன்று எல்லோரும் வீடு அதிரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கி ஒரு நொடி அமைதி வந்தால் உடனே யாராவது எதையாவது பேசினார்கள். கோழி மிஞ்சவில்லை. கேக்கில் பொட்டுகூட மிஞ்சவில்லை. கதவோர மூலைப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை. கிளம்பும்போது செருப்பு எடுக்கக் குளியலறைக்குள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள்.

"இப்படி ஒரு விருந்து நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் ஒரு மெக்கானிக். பாராட்டாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகி, வேகமாகப் படியிறங்கினார்.

அன்றிரவு அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை வெயில் நன்றாக வந்த பிறகு, அவர் பாத்திரம் துலக்க, அவள் துடைத்து வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நேத்து யார்கிட்டங்க பேசினீங்க?"

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். "நாம குடிவந்த முதல் மாசத்துலேருந்தே இருக்கு. உனக்கு ராத்திரி எட்டு வரைக்கும் வேலை. நான் முன்னாடியே வந்துடுவேன். வந்தா யாரோ இருப்பாங்க."

"பேசுமா?"

"பேசாது. தெரியும். சொல்லாமலே தெரியும்."

"ஆணா, பொண்ணா?"

"தெரியாது. பழகினவங்க, அவ்வளவுதான். விருந்து விஷயம் வியாழக்கிழமையே எனக்குத் தெரியும்."

"யாருன்னாவது கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? நாமதான அவங்க இருந்த வீட்டுக்கு வந்திருக்கோம்."

அவள் துணியைக் கீழே போட்டாள். பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "பதினோரு வருஷமா வீட்டுல ஒருத்தர் இருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு நான் கேட்டதில்ல!"

"நீ பயப்படுவ. அப்புறம் வீடு மாத்தணும்னு நிப்ப."

சொன்னது போலவே நின்றாள். அடுத்த வாரமே தரகரைப் பிடித்து வீடு பார்க்கத் தொடங்கினாள். மூன்றாவதாகப் பார்த்தது புத்தம் புதிய வீடு. இன்னும் யாரும் குடியேறவில்லை. மருத்துவமனைக்குப் பக்கம், நல்ல வெளிச்சம், வாடகையும் கட்டுப்படியாகும். தரகரைத் தண்ணீர்க் குழாய் பார்க்க அனுப்பிவிட்டு, கணவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இங்க யாராவது…?"

அவர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு நடுக்கூடத்தில் தலைகுனிந்து நின்றார். லிஃப்ட் கம்பியின் ஓட்டத்தைக் காதால் பார்ப்பவர் அப்படித்தான் நிற்பார்.

"யாரும் இல்ல. காலியா இருக்கு" என்றார்.

நல்ல செய்திதான். ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து இறங்கி, அழைத்துப் போக ஒருவரும் வரவில்லை என்று கண்டவனின் முகமாக இருந்தது அவர் முகம். அவளும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்தாள். அந்தக் கூடம் அவள் மூச்சை அப்படியே அவளிடம் திருப்பித் தந்தது. இருட்டில் நின்றபோது வந்த பயம் வேறு. இது வேறு. எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று தரகரிடம் சொன்னாள். யோசித்து முடித்தாகிவிட்டது என்பது தரகருக்கும் தெரிந்திருக்கும்.

வீடு திரும்பினார்கள். கதவைத் திறந்ததும், முதல் தடவையாக அவள் எதிரிலேயே அவர் கேட்டார்: "இருக்கியா?" நிம்மதியில் அவர் தோள் இறங்கியதைப் பின்னால் நின்று பார்த்தாள். கை மயிர் குத்திட்டு நின்றது. ஆனாலும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. குளியலறை விளக்கு பல மாதம் எரிந்துகொண்டே இருந்தது. தனியாக இருந்தால் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். நர்ஸ் மட்டும் வழக்கம்போல வந்து போனார்; ஆஸ்பத்திரியில் இதைவிடப் பார்த்தவர். அக்கா புருஷன் ஊரெல்லாம் அந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொன்னார். அவர் கதையில் அவர் மேசைக்கு அடியில் இல்லை, கதவருகே தைரியமாக நின்றுகொண்டிருந்தார். அக்கா வருவதை நிறுத்திவிட்டாள். "நீ இங்க வா. செத்தாலும் நான் அங்க வரமாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அதுதான் மணியக்காரியை உறுத்தியது. விருந்து வைத்து உறவை அறுத்துக்கொண்டோமே என்று.

அப்படியே ஒரு வருடம் ஓடியது. ஒரு நாள் மருத்துவமனையில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கணவர் இன்னும் வரவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்தவள் ஸ்விட்சுக்குக் கை நீட்டி, ஏனோ போடாமல் நின்றாள். பை தோளிலேயே இருந்தது. ஓடுவதற்கு ஆயிரம் வேலை இருந்தது. ஆனாலும் நின்றாள். சத்தம் ஏதுமில்லை, குரல் ஏதுமில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அக்கா வந்துகொண்டிருக்கிறாள். தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி, வரலாமா வேண்டாமா என்று நிற்கிறாள்.

விளக்கைப் போட்டாள். பாலை அடுப்பில் வைத்தாள். சர்க்கரை குறைவாக, அக்காவின் அளவுக்கு, காப்பியைக் கலந்து முடித்தபோது மணி அடித்தது.

அக்கா வாசலிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "உன்னப் பாக்காம இருக்க முடியலடி. ஒரு நிமிஷம்தான், உடனே போயிடுவேன்." பிறகு மேசையில் ஆவி பறந்த காப்பியைப் பார்த்தாள். "யாருக்கு இது?"

"உனக்குத்தான்."

"நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

மணியக்காரி அக்காவின் கைப்பையை வாங்கி மாட்டினாள். உண்மையைச் சொன்னால் அக்கா இந்த நிமிடமே படியிறங்கிவிடுவாள்.

"ஜன்னல்ல பார்த்தேன்க்கா" என்றாள். "உள்ள வா, உட்காரு."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். திரைச்சீலை முழுக்க மூடியிருந்தது. ஆனாலும் உள்ளே வந்து உட்கார்ந்து காப்பியை எடுத்துக்கொண்டாள். தங்கையும் தன் காப்பியோடு எதிரே உட்கார்ந்தாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏடி, நீ உட்கார்ந்து காப்பி குடிக்கறியே" என்றாள்.