கண்ணன் வருவதற்குள் டீ வந்தது

‘நலிந்த கலைஞர்’ என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பெரியப்பா நலிந்தவரா? அடி அண்ணாமலையில் கூத்து நடக்கும்போது, அவர் திரௌபதி வேஷம் கட்டி வந்தால் பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். துகில் உரியும் கட்டத்துக்கு முதல் நாளே விரதம் இருப்பார். துச்சாதனன் வேஷம் என் அப்பாவுக்கு. சொந்த அண்ணன்தான் என்றாலும், கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்ட பிறகே அந்தப் புடவையைத் தொடுவார்.

பெரியப்பாவுக்கு வயதானபோது, நலிந்த கலைஞர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார்கள். கலைஞர்தானா என்று தெரிய வேண்டுமாம், வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்கு வந்து ஆடிக் காட்டச் சொன்னார்கள். இந்த இரண்டு அப்பாவிகளும் என்ன செய்தார்கள் தெரியுமா? நிஜமாகவே விரதம் இருந்து, அரிதாரம் பூசி, கற்பூரத்தோடு டவுன் பஸ் ஏறினார்கள். திரும்பும்போது பூரி வாங்கித் தருவதாகச் சொன்னதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஃபைல்கள் இருக்கின்றன, கற்பூரம் கூடாது என்றார் அதிகாரி. அப்பா வெறும் கையால் கும்பிட்டுவிட்டுப் புடவையைப் பிடித்து இழுத்தார். பெரியப்பா இரண்டு கையையும் தூக்கிக் கண்ணனைக் கூப்பிட்டுப் பாட ஆரம்பித்தார். மேலே சுற்றியிருந்த புடவை கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. அப்போது டீ வந்தது.

“போதுங்க, கெளம்புங்க,” என்றார் அதிகாரி.

பெரியப்பா தூக்கிய கையை இறக்கவில்லை. “ஐயா, இன்னும் கண்ணன் வரலீங்க. இப்படியே நிறுத்தக் கூடாதுங்க.”

“அதெல்லாம் உங்க ஊர்ல வச்சுக்குங்க. அடுத்த ஆளு நிக்கிறாரு பாருங்க.”

யாரோ சிரித்தார்கள். அட பாவிகளா, இன்னும் ஒரு பாட்டு, அவ்வளவுதானே? அந்த டீ ஆறுவதற்குள் கண்ணன் வந்திருப்பான்.

அப்பா தரையில் கிடந்த புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். பெரியப்பா மார்பின் குறுக்கே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே ரவிக்கை, பனியன் எல்லாம் இருந்தன. ஆனாலும் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பூரி வாங்கலையா என்று கேட்டேன்.

உதவித்தொகை வந்தது. அதன் பிறகு ஊரே திரண்டு வந்து கூப்பிட்டும் பெரியப்பா திரௌபதி வேஷம் கட்டவில்லை. அதுதான் அரசாங்கமே பணம் கொடுக்கிறதே, எங்கள் பெரியப்பா இனிமேல் எதற்கு ஆட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.